பறக்கும் இலக்கும் ரவைத் துப்பாக்கியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள அர்க்கன்ஸா மாகாணம் நெல் விளைவிற்குப் பேர்பெற்றது. அந்நாட்டில் விளையும் நெல்லில் ஏறக்குறையப் பாதி அம்மாகாணத்திலேயே விளைகிறது. இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும், அங்குள்ள நிலச்சுவான்தார்களில் பலர் அரிதாள் நின்ற வயல்களின் மடைகளை அடைத்து, குளிர்காலம் முழுவதும் ஆழமில்லாமல் நீர் தேக்கி வைக்கிறார்கள். இதனால் தாளும் வைக்கோலும் நீரில் மக்கிப் போகின்றன. மழையில் மேல்மண் அரித்துச் செல்வதும் தடைப்படுகிறது. சிந்திய நெல்லையும் களை விதைகளையும் மேய்வதற்கு, கானடாவிலிருந்தும் ஐக்கிய நாட்டின் வடபகுதிப் புல்வெளிகளிலிருந்தும் மல்லார்டு என்னும் பச்சைத்தலை வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றன. நவம்பர் மாதக் கடைசி வாரம் முதல் ஜனவரி முடியும் வரையில் அங்கே வேட்டைப் பருவம். வயலை வேட்டைக்காரர்களுக்குப் பருவக் குத்தகைக்கு விட்டு, நெல்லுக்கு அப்பாலும் ஒரு வருமானம் பெறுகிறார்கள் நிலத்துக்குடையவர்கள். அப்பிரதேசத்தின் நடுவிலுள்ள ஸ்டட்கார்ட் என்னும் ஊரில், வாத்தின் குரலைப் போல் ஊதுகுழல் ஊதும் போட்டி 1936-ஆம் வருஷம் முதல் நடந்து வருகிறதென்றால், அவ்வூராருக்கு இதிலுள்ள ஊக்கம் எத்தன்மையதென்று அறியலாம்.

இருள் பிரியுமுன் வரப்பை ஒட்டிய மறைவிடத்தில் வந்து அமரும் வேட்டைக்காரர் இருவகையினர். கோடை முழுவதும் பறக்கும் தட்டுகளைச் சுட்டுப் பழகி, தம் துப்பாக்கியின் எல்லையை அறிந்து வருபவர் ஒருவகை. பருவம் தொடங்கிய அன்று காலையில்தான் துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பவர் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையினர் ஒன்றும் அடிக்காமல் வெறுங்கையுடன் திரும்பினால் நஷ்டம் தோட்டாவின் விலையோடு போகும். ஆனால் பெரும்பாலும் அவ்வாறு போவதில்லை. இரண்டொரு ரவை பட்ட வாத்து தடுமாறிப் பறந்து, தொலைவிலுள்ள கோரைப் புதரில் விழுந்து, இரண்டு மூன்று நாள் கிடந்து சாகிறது. அது வேட்டைக்காரனுடைய சட்டிக்கும் வரவில்லை. தன் கூட்டத்துடனும் சேரவில்லை. பறக்கும் இலக்கைச் சுடும் வித்தையை முறையாகக் கற்கவேண்டியதற்கு முதற் காரணம் இதுவே.

தமிழ்நாட்டில் நீர்ப்பறவைகளைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது அவசியம். அதன் விவரம் பின்னர் வரும். ஆயினும் பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு உரிமம் பெற்ற துப்பாக்கிகள் பல கிராமங்களில் இருக்கின்றன. துப்பாக்கியை வைத்திருப்பவர்களில் அதன் இயல்பைச் செவ்வையாக அறிந்தவர் சிலரே. மேலும் தட்டு சுடுதல் என்பது நம் நாட்டிலும் அனுமதிக்கப்பட்ட பந்தய விளையாட்டு. ஆகையால் இவ்விஷயம் நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் பயன்படக் கூடியதே.

துப்பாக்கியின் இயல்பு

தனிக்குண்டுத் துப்பாக்கி ஒரே குண்டைச் செலுத்துகிறது. ரவைத் துப்பாக்கியோ ஒரே வெடியில் நூற்றுக்கணக்கான சிறு ரவைகளைச் செலுத்துகிறது. அதன் அளவைக் குறிக்கும் நெம்பர் ஒரு பழைய கணக்கிலிருந்து வந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழல் 12 நெம்பர்க் குழல். இருபது உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று நுழைவது 20 நெம்பர்க் குழல். ஆகவே நெம்பர் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும்.

குழலை விட்டு வெளிவந்த ரவைகள் போகப் போக அகன்று பரவுகின்றன. இதை விதை தெளிப்புக்கு ஒப்பிடலாம். கைப்பிடி விதையைச் சிறு பாத்தியில் தெளித்தால் நாற்று நெருக்கமாக முளைக்கும். அதே விதையைப் பெரிய வயலில் தெளித்தால் இடையிடையே சொட்டை விழும். ரவையும் அப்படியே. அருகில் அது நெருக்கமாகவும், தொலைவில் கலக்கமாகவும் விழும். மிகத் தொலைவில், அந்தச் சொட்டைகளின் நடுவே ஒரு வாத்து முழுசாகப் புகுந்து போய்விடும். அல்லது ஒன்றிரண்டு ரவைகளை மாத்திரம் வாங்கிக்கொண்டு போய்விடும். இவ்விரண்டில் பின்னதே கொடியது.

இப்பரவலைக் கட்டுப்படுத்துவதற்காகக் குழலின் வாயைச் சிறிது குறுக்கியிருப்பார்கள். இதற்குச் 'சோக்' என்று பெயர். குழல் வாயைக் குறுக்காமலே விட்டால், 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்திற்குள் தோட்டாவிலுள்ள ரவையில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு விழும். முழுச் சோக் உள்ள குழலில் ஏறக்குறைய 70 பங்கு விழும். மற்றவை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. முழுச் சோக் வைத்துக்கொண்டால் எப்பொழுதும் நன்மையே என்று கருதுவது பிசகு. 20 கஜத்தில் வரும் பறவைக்கு அவ்வட்டம் மிகச் சிறியது. அது பட்டால் பறவை உண்பதற்கு உதவாமல் சிதைந்து போகும். பெரும்பாலும் படாமலே தவறிவிடும்.

தன் துப்பாக்கியின் போக்கை அறிவதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. நான்கடிச் சதுரக் காகிதம் ஒன்றை ஒரு சட்டத்தில் ஒட்டி, பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ள இடத்தில் நிறுத்தி, 40 கஜத்திலிருந்து அதன் நடுவே ஒரு முறை சுடவேண்டும். ரவை நெருங்கி விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் வரைந்து, துளைகளை எண்ணவேண்டும். இவ்வாறே நான்கைந்து காகிதங்களில் செய்து பார்த்தால், ரவைக் கூட்டம் மேலே போகிறதா கீழே போகிறதா, எந்தத் தோட்டாவில் சொட்டை அதிகம் என்பவை விளங்கும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு துப்பாக்கிகளும் ஒரே மாதிரி சுடுவதில்லை. மண்ணைச் சோதிக்காமல் எருவிடுவது எப்படியோ, காகிதத்தில் சுட்டுப் பாராமல் வேட்டைக்குப் போவதும் அப்படியே.

குறி தவறுவதன் காரணம்

மணிக்கு 40 மைல் வேகத்தில் பறக்கும் வாத்து ஒரு விநாடியில் ஏறக்குறைய 59 அடி கடக்கிறது. ரவை 40 கஜம் செல்வதற்கு விநாடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு பிடிக்கிறது. அதற்குள் குறுக்கே போகும் வாத்து ஏழு அடிக்கு மேல் முன்னேறிவிடும். வாத்தின் நீளமோ சுமார் இரண்டடிதான். எனவே வாத்தை நோக்கியே நேராகச் சுட்டால், மூன்று வாத்து நீளத்திற்கும் மேலாகப் பின்னால்தான் ரவை போய்ச் சேரும். தவறிய வெடிகளுள் பெரும்பாலானவை பறவைக்குப் பின்னால் போனவையே என்று அநுபவஸ்தர்கள் சொல்லுவது இதனாலேயே. கொல்லையில் பரண்மேல் நின்று கவண் வீசும் பையனுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் பறக்கும் கிளிக்கு முன்னால்தான் கல்லை விடவேண்டும் என்பதை அவன் அறிவான்.

ஆனால் இவ்வேழடியை மனத்தினால் அளந்துகொண்டு சுட முயல்பவன் வெற்றி பெறுவதில்லை. அளப்பதற்காகக் கண் குழலின் நுனிக்குத் திரும்புகிறது. கண் திரும்பியதும் கை நிற்கிறது. கை நின்றதும் ரவை பின்னால் போகிறது. இதற்கு அநுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் வழி வேறு. பறவைக்குப் பின்னாலிருந்து குழலை அதன் பறக்கும் கோட்டிலேயே ஓட்டி, வாலைக் கடந்து, உடலைக் கடந்து, அலகைக் கடந்ததும் விசையை இழுத்து, இழுத்த பின்னும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போகவேண்டும். பறவையைவிடக் குழல் வேகமாய் ஓடுவதனால் முன்னிடம் தானே கிடைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் துப்பாக்கி செய்வோராயும் சுடுதலைக் கற்பிப்பவராயும் புகழ் பெற்றிருந்த ராபர்ட் சர்ச்சில் (1886-1958) என்பவரும், பறவையின்மேல் வைத்த கண்ணை எடுக்கலாகாது, குழலைப் பார்க்கலாகாது என்பதையே வற்புறுத்திப் போதித்து வந்தார்.

விதை தெளிப்பவனுடைய கையைக் கவனித்தால் இது நன்கு விளங்கும். விதையை விடும்பொழுது அவன் கையை நிறுத்துவதில்லை. விட்ட பின்னும் கை தோளைச் சுற்றி ஓடியே ஓய்கிறது. விடும் தருணத்தில் கையை நிறுத்தினால் விதை ஒரே இடத்தில் குவியும். சுடுபவனும் விசையை இழுக்கும் தருணத்தில் குழலை நிறுத்தாமலிருக்கப் பழகுவானாயின், இவ்வித்தையில் பாதியைக் கற்றவனாவான்.

வீட்டிலேயே செய்யவேண்டிய அப்பியாசம்

முதலில் தன் தலைமைக் கண் எது என்பதை அறியவேண்டும். இரு கண்களையும் திறந்துகொண்டு, தொலைவிலுள்ள பனைமரம் ஒன்றைச் சுட்டுவிரலால் குறிக்கவேண்டும். பிறகு இடக் கண்ணை மூடவேண்டும். விரல் மரத்தின் மேலேயே நின்றால் வலக் கண் தலைமையுடையது. விரல் விலகித் தோன்றினால் இடக் கண் தலைமையுடையது. தலைமைக் கண் இருக்கும் பக்கத்துத் தோளிலிருந்தே சுடப் பழகுவது மேல். அது கூடாதவர் சுடும்பொழுது மற்றக் கண்ணைச் சிறிது இடுக்கிக்கொள்ளலாம். ஏனையோர் இரு கண்களையும் திறந்து வைத்துக்கொள்ளுவதே நல்லது. தூரத்தையும் வேகத்தையும் கணிக்க இரு கண்ணும் வேண்டும்.

அடுத்தது துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவரும் முறை. இடக்கால் சிறிது முன்னாக, உடலின் பாரம் அதன்மேல் சற்று அதிகமாகச் சாயும்படி நிற்கவேண்டும். துப்பாக்கியின் கட்டையை முதலில் கன்னத்திற்கு உயர்த்தி, அப்படியே தோளில் பதியவைக்கவேண்டும். தோளில் வைத்துவிட்டுப் பிறகு தலையைக் குனிந்து கட்டையைத் தேடுவது பெரும் பிழை. கன்னம் கட்டையை விட்டு எழும்பினால் ரவை மேலே போகும். உடலைத் திருப்புவது கையினால் அன்று. இடுப்பும் முழங்காலும் சேர்ந்து திரும்பவேண்டும். கையினால் மாத்திரம் திருப்பினால் குழல் பாதி வழியில் நின்றுவிடும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, தினந்தோறும் பத்து நிமிஷம் இவ்வாறு தோளுக்குக் கொண்டுவந்து பழகவேண்டும். சுவரும் கூரையும் கூடும் கோட்டின் வழியே குழலின் நுனியை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடுங்காமல் ஓட்டிப் பழகுவது மிகவும் பிரயோஜனமானது. ஒரு தோட்டாவும் செலவில்லாத இவ்வப்பியாசத்தை ஒரு மாதம் செய்தவன், அது செய்யாமல் நூறு தோட்டாக்கள் சுட்டவனை வென்றுவிடுவான். கட்டை மிக நீளமாயிருந்தால் சட்டையில் மாட்டும். மிகக் குட்டையாயிருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். இக்குறைகளைத் தச்சு வேலையால் சரிப்படுத்தலாமாயினும், துப்பாக்கி வேலை அறிந்தவரிடமே கொடுக்கவேண்டும்.

களிமண் தட்டின் வரலாறு

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உயிருள்ள புறாக்களைப் பெட்டிகளில் அடைத்து, கயிற்றை இழுத்துப் பறக்கவிட்டுச் சுடுவதே பந்தயமாக இருந்தது. பின்னர்க் கண்ணாடி உருண்டைகளைப் பொறியினால் எறிந்து சுட்டார்கள். 1880-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லிகௌஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணினால் தட்டு ஒன்றைச் செய்து வெளியிட்டார். ஏரிக்கரையில் சிறுவர்கள் ஓட்டாஞ்சில்லை நீர்மேல் தத்தித் தத்திப் பாயும்படி எறிவது போல, அவ்வூர்ச் சிறுவர்கள் சிப்பி ஓடுகளை எறிவதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் பிறந்ததென்று சொல்லுவார்கள். இப்பொழுது வழங்கும் தட்டுகளுக்குப் பெயர்தான் களிமண். அவை கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்க்கப்படுகின்றன. சர்வதேசப் போட்டிக்குரிய தட்டு 11 சென்டிமீட்டர் குறுக்களவும் 105 கிராம் எடையும் உடையது. ரவை பட்டதும் தூளாகிவிடும்.

தட்டு சுடுதலில் முக்கியமானவை இரண்டு முறைகள். முதலாவது டிராப். இதில் தட்டுகள் சுடுபவனுக்கு முன்னாலிருந்து கிளம்பி, வலமும் இடமுமாக அவனை விட்டு விலகிப் போகும். ஒலிம்பிக் பந்தயத்தில் பதினைந்து மீட்டர் முன்னாலுள்ள அகழியிலிருந்து அவை புறப்படும். எந்தப் பக்கம் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. நீரிலிருந்து திடீரெனக் கிளம்பி ஓடும் வாத்துக்கு இது பொருத்தமான பாடம்.

இரண்டாவது ஸ்கீட். இதன் பிறப்பில் விவசாயிகளுக்கு ரசமான ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஆண்டோவர் என்னும் ஊரில், சார்லஸ் டேவிஸ் என்பவர், வேட்டையில் தவறிய கோணங்களையெல்லாம் பழகிக்கொள்ளும் பொருட்டு, 1920-ஆம் வருஷத்தை ஒட்டி ஒரு வட்டம் வரைந்து, அதைச் சுற்றிலும் நின்று தட்டு சுட்டு வந்தார். வட்டத்திற்கு அடுத்த நிலத்தில் ஒருவர் கோழிப்பண்ணை தொடங்கினார். கோழிகளின்மேல் ரவை விழலாகாதென்று வட்டத்தைப் பாதியாக வெட்டி, எதிர்ப்புறத்தில் இரண்டாவது பொறி ஒன்றை வைத்தார்கள். இன்றும் ஸ்கீட் மைதானம் அரைவட்டமாகவே இருக்கிறது. அண்டை நிலத்துக்காரனை மதித்ததனால் விளையாட்டே திருந்திய உருவம் பெற்றது. 1926-ஆம் வருஷத்தில் ஒரு பத்திரிகை நடத்திய பெயர்ப் போட்டியில் இதற்கு ஸ்கீட் என்னும் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஸ்கீட்டில் இடப்புறத்து உயர்ந்த கூண்டிலிருந்து பத்தடி உயரத்திலும், வலப்புறத்துத் தாழ்ந்த கூண்டிலிருந்து மூன்றரை அடி உயரத்திலும் தட்டுகள் புறப்படும். சுடுபவன் எட்டு இடங்களில் மாறி மாறி நிற்கிறான். முதல் இடத்தில் தட்டு தலைக்கு மேலிருந்து விலகிப் போகும். நடுவிலுள்ள நான்காம் இடத்தில் இரு பக்கத்திலிருந்தும் முழுக்குறுக்காகப் பாயும். இந்நான்காம் இடமே, மறைவிடத்தின் முன் குறுக்கே கடக்கும் வாத்துக்கு மிகச் சிறந்த பாடம். புதிதாய்ப் பழகுபவன் எல்லா இடங்களையும் சுற்றி வருவதைவிட, தனக்கு எந்தக் கோணம் வரவில்லையோ அந்த ஓரிடத்திலேயே ஒருநாள் முழுவதும் நிற்பது நன்மை தரும். தவறும்போதெல்லாம் பின்னால் நிற்கும் ஒருவர், ரவை பின்னால் போயிற்றா, மேலே போயிற்றா என்று கவனித்துச் சொன்னால் பிழை விரைவில் நீங்கும்.

ஒரு வேற்றுமையை மாத்திரம் மறக்கலாகாது. தட்டு கிளம்பும்போதே மிக வேகமாயிருந்து, போகப் போக வேகம் குறைகிறது. வாத்தோ எழும்பும்போது மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் கூட்டுகிறது. தட்டு குறித்த கோட்டிலேயே போகும். வாத்து துப்பாக்கி ஓசையைக் கேட்டதும் மேலே பாயும். ஆகையால் தட்டில் தேர்ந்தவனும் வயலில் முதல் சில நாட்கள் நிதானமாகவே தொடங்கவேண்டும்.

தூரமும் தர்மமும்

எவ்வளவு நன்றாகச் சுடுகிறவனுக்கும் ஓர் எல்லை உண்டு. தான் பத்துத் தட்டில் ஏழெட்டைத் தவறாமல் உடைக்கக்கூடிய தூரம் எதுவோ, அதுவே அவனுடைய எல்லை. பலருக்கு அது 30 கஜத்திற்கு மேல் இல்லை. போலி வாத்துகளை நீரில் மிதக்கவிடும்போது, மிகத் தொலைவிலுள்ள பொம்மையை 30 கஜத்தில் வைத்து, அதற்கு அப்பால் சுடுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ளுவது நல்ல வேட்டைக்காரர் வழக்கம். ஆகாயத்தில் தூரம் கண்ணை ஏமாற்றும். நீர்மேல் வைத்த பொம்மை ஏமாற்றாது.

இந்த எல்லையை மீறுவதன் பலனை டென்மார்க் தேசத்தார் கண்கூடாகக் கண்டார்கள். 1990-ஆம் வருஷத்தை அடுத்த சில ஆண்டுகளில், அங்கு வரும் இளஞ்சிவப்புக் கால் பெருவாத்துகளை உயிருடன் பிடித்து எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்தபோது, முதலாண்டுக் குஞ்சுகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கும், வயது வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேலும், உடலில் ரவையைச் சுமந்துகொண்டு பறந்து திரிவதாகத் தெரிந்தது. படம் பிடிக்கப்பட்டவை பிழைத்தவை. புதரில் கிடந்து செத்தவை கணக்கில் வரவில்லை. இதைக் கண்ட அரசாங்கத்தாரும் வேட்டைக்காரர் சங்கத்தாரும் 1997-ஆம் வருஷத்தில் ஒரு திட்டம் வகுத்து, கிட்டத்தில் மாத்திரம் சுடவும், பருவத்திற்கு முன் தட்டில் பழகவும் பிரசாரம் செய்தார்கள். பின்வந்த வருஷங்களில் ரவை சுமந்த பறவைகளின் விகிதம் குறைந்தது. அந்நாட்டில் புதிதாக ரவைத் துப்பாக்கியுடன் வேட்டைக்குப் போக விரும்புபவர் தட்டு சுடும் பரீட்சையில் தேறியாக வேண்டும்.

ரவையின் உலோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஈய ரவை நீரடியில் விழுந்து கிடக்கும். வாத்து தன் அரைப்பையில் தானியத்தை அரைப்பதற்காகப் பருக்கைக் கற்களை விழுங்குவது இயல்பு. அக்கற்களோடு ஈய ரவையையும் விழுங்கி, ஈய விஷத்தினால் மெலிந்து சாகிறது. இக்காரணத்தினால் அமெரிக்காவில் 1991-ஆம் வருஷம் முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை நாடெங்கும் தடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1999-ஆம் வருஷத்தில் தடை வந்தது. ஈயத்தைவிட எஃகு இலேசானது. எனவே அதன் வேகம் சீக்கிரம் குறையும். அதற்கு ஈடாக இரண்டு அளவு பெரிய ரவையை எடுக்கவேண்டும், தூரத்தையும் குறைத்துக்கொள்ளவேண்டும். எஃகு ரவை குறுகிப் போவதால் முழுச் சோக்கும் அதற்கு வேண்டியதில்லை. பழைய துப்பாக்கிகள் பல எஃகு ரவையைத் தாங்கமாட்டா.

அமெரிக்க விதிகள் வேறு சிலவும் கவனிக்கத்தக்கவை. துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளலாகாது. அறுவடையில் சிந்திய நெல்லுள்ள வயலில் சுடலாம். ஆனால் பறவையை வரவழைக்க வேண்டுமென்றே தானியம் இறைத்துச் சுடுவது குற்றம். ஒவ்வொரு வேட்டைக்காரரும் வாத்து முத்திரை என்னும் தபால்தலை போன்ற ஒன்றை வாங்கவேண்டும். 1934-ஆம் வருஷத்தில் ஒரு டாலர் விலையில் தொடங்கிய அம்முத்திரையின் பணத்தைக் கொண்டு சதுப்பு நிலங்கள் வாங்கிக் காப்பாற்றப்படுகின்றன. சுடுபவனே பறவையின் நிலத்துக்கு வரி செலுத்துகிறான் எனலாம்.

அபாயத்தைத் தவிர்க்கும் முறைகள்

எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிறைந்ததென்றே கருதவேண்டும். கையில் வாங்கியவுடன் திறந்து பார்ப்பது முதற் கடமை. குழலின் வாய் ஒருபோதும் மனிதரையோ கால்நடையையோ நோக்கலாகாது. சுடத் தீர்மானிக்கும் வரையில் விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும். வரப்பு, வேலி, வாய்க்கால் இவற்றைத் தாண்டுமுன் தோட்டாவை எடுத்துவிடவேண்டும். சேற்றில் வழுக்கி விழுந்தவர் மறுபடி சுடுமுன் குழலில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்காவிடில், குழல் வெடித்துக் கையைச் சிதைத்துவிடும்.

12 நெம்பர்த் தோட்டாவையும் 20 நெம்பர்த் தோட்டாவையும் ஒரே பையில் வைத்திருப்பது உயிருக்கு ஆபத்து. 20 நெம்பர்த் தோட்டா 12 நெம்பர்க் குழலினுள் வழுக்கிப் போய் நடுவில் தங்கிவிடும். குழல் காலியென்று எண்ணி மற்றொரு தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 நெம்பர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே. தணிந்து பறக்கும் பறவைக்காகக் குழலைத் தாழ்த்துவதும், நீர்ப்பரப்பின்மேல் சுடுவதும் கூடாது. நீரில் பட்ட ரவை தெறித்து அக்கரையில் நடப்பவர்மேல் பாயும். மேல்நோக்கிச் சுட்ட சிறு ரவையும் 200 கஜத்திற்கு அப்பால் போய் விழும். காதுக்கு அடைப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் வீண் ஆடம்பரமல்ல. கெட்ட செவி திரும்புவதில்லை.

நம் நாட்டு நிலை

இந்தியாவிலும் முன்காலத்தில் வாத்து வேட்டை பெரிய அளவில் நடந்ததுண்டு. 1938-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதியன்று பரத்பூர் சமஸ்தானத்துச் சதுப்பு நிலத்தில், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதாகக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதே இடம் 1982-ஆம் வருஷத்தில் தேசியப் பூங்காவாயிற்று. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991-ஆம் வருஷத்துத் திருத்தமும், நம் நாட்டில் நீர்ப்பறவை வேட்டைக்கு முடிவு கட்டின. பறவையைச் சுடுவது மாத்திரமன்றி, வலைவைத்துப் பிடிப்பதும், முட்டையை எடுப்பதும், கூட்டைக் குலைப்பதும் குற்றமே. பயிர்ப் பாதுகாப்புக்காகப் பெற்ற துப்பாக்கி உரிமம் சிறவியையோ, நாமக்கோழியையோ, உள்ளானையோ சுடுவதற்கு அநுமதி ஆகாது. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். நாற்றங்காலில் பறவை இறங்கினால், பளபளக்கும் நாடாவைக் குச்சிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவதும், விடியற்காலையிலும் மாலையிலும் ஆள் வைத்து ஓட்டுவதும் போதுமானவை. சேதம் மிகுந்தால் வன இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும்.

பறவையைக் காப்பதனால் விவசாயிக்கு நஷ்டமில்லை என்பதற்கு வேடந்தாங்கலே சாட்சி. அவ்வூர் ஏரியின் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதைக் குடிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, குடிகள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ஆம் வருஷத்தில் லயனல் பிளேஸ் என்னும் கலெக்டரிடமிருந்து அப்பறவைகளைக் காக்கும் உரிமையைக் கௌல் மூலமாகப் பெற்றார்கள். 1858-ஆம் வருஷத்தில் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. பறவைகளுக்காகச் சட்டம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, உரக்கணக்கு அறிந்த குடியானவர்கள் அவற்றுக்குக் காவல் நின்றார்கள்.

ஆகவே இந்நாட்டில் துப்பாக்கியின்மேல் ஆசையுள்ளவர்களுக்குத் தட்டே இலக்கு. அதற்கும் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் மைதானத்தில், பயிற்றுவிப்பவர் முன்னிலையில்தான் பழகவேண்டும். இவ்வழியில் புகழ் பெற இடம் இல்லாமலில்லை. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1962-ஆம் வருஷத்தில் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இராஜ்யவர்த்தன் சிங் ராத்தோர் 2004-ஆம் வருஷத்தில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரட்டைத் தட்டுப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். புதுக்கோட்டை அரச குடும்பத்தவரான பிருத்விராஜ் தொண்டைமான், 2023-ஆம் வருஷத்தில் ஹாங்சௌ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் குழுவில் தங்கம் வென்ற மூவருள் ஒருவர். 2024-ஆம் வருஷத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார்.

அர்க்கன்ஸா வயலில் நிற்பவனுக்கும், இங்கே மைதானத்தில் நிற்பவனுக்கும் விதி ஒன்றே. கண் இலக்கில் நிற்கவேண்டும். கன்னம் கட்டையில் நிற்கவேண்டும். குழல் மாத்திரம் நில்லாமல் ஓடவேண்டும். தன் எல்லைக்கு அப்பாலுள்ளதைச் சுடாமல் விடுவதும் வித்தையின் ஒரு பகுதியே. தவறிய தட்டு தரையில் விழுந்து கிடக்கும். அதனால் எவருக்கும் துன்பமில்லை. தவறிப் பட்ட பறவை அப்படியன்று. ஆகையால் எந்நாட்டவனாயினும் தன் பிழைகளையெல்லாம் தட்டின்மேலேயே செய்து தீர்த்துவிடுவது உத்தமம்.